காலையில் ஒரு பிரசங்கம், பிற்பகலில் அதற்கு மறுப்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து, ஒரு பிளேன்டியோடு இருந்து வாசியுங்கள்.

உயர்தர வகுப்பில் ஐரோப்பாவின் மதச் சீர்திருத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லூதர், கல்வின் எல்லாம் முடிந்து இங்கிலாந்துக்கு வந்தபோது ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

“சேர், கடைசியில அந்த எலிசபெத் ராணி கத்தோலிக்கமா, புரட்டஸ்தாந்தா? ஒரு சொல்லில சொல்லுங்க, எழுதிக்கொள்ள.”

ஒரு சொல்லில் சொல்ல முடியாது மகள் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு அது நியாயமான கோபம்தான். ஆனால் அந்த ஒரு சொல் கிடைக்காமல் போனதால்தான் அங்கிலிக்கன் திருச்சபை என்ற ஒன்று 460 வருடங்களுக்கு மேலாக நிற்கிறது. வகுப்பில் 40 நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. 1534 இல் எட்டாம் ஹென்றி, பாப்பரசரின் அதிகாரத்தை வெட்டிவிட்டு இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் செய்தார். 1547 இல் அவர் இறந்ததும் சிறுவனான மகன் ஆறாம் எட்வேர்ட் அரசரானார். அவருடைய காலத்தில் நாடு வேகமாகப் புரட்டஸ்தாந்துப் பக்கம் போனது. லத்தீன் வழிபாடு போய் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம் 1549 இல் வந்தது. அது போதாதென்று 1552 இல் இன்னும் கடுமையான திருத்தம் வந்தது. 1553 இல் எட்வேர்ட் இறக்க, அவருடைய சகோதரி மேரி எல்லாவற்றையும் மறுபடி கத்தோலிக்கத்துக்குத் திருப்பினார். அவருடைய ஐந்து வருட ஆட்சியில் ஏறத்தாழ 300 புரட்டஸ்தாந்தினர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அந்த ஜெபப் புத்தகத்தைத் தொகுத்த பேராயர் தோமஸ் கிரான்மரும் 1556 இல் ஒக்ஸ்போர்ட்டில் எரிக்கப்பட்டார்.

ஒரு சாதாரண கிராமத்தவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு 40 வயது என்றால், அவன் ஊர்க் கோயிலில் பலிபீடம் அகற்றப்பட்டு மரமேசை வந்ததையும், மேசை போய்ப் பலிபீடம் திரும்பி வந்ததையும் கண்ணால் கண்டிருப்பான். நேற்றுக் கட்டாயமாக இருந்தது இன்று குற்றம். இன்றைய குற்றம் நாளைக்குக் கட்டாயம்.

1558 நவம்பரில் எலிசபெத் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 25. அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, திருச்சபை மீதான அதிகாரம் மீண்டும் அரசுக்கு. மற்றது, நாடு முழுவதற்கும் ஒரே வழிபாடு. இரண்டாவது சட்டம் பிரபுக்கள் சபையில் மூன்றே வாக்குகளால்தான் தப்பியது. எந்த ஆயரும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. எதிர்த்து வாக்களித்திருக்கக்கூடிய இரண்டு ஆயர்கள் அந்த நேரம் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார்கள். இதையும் சொல்ல வேண்டும். நடுநிலைக் கதைகளை நாங்கள் சுத்தமாகத் துடைத்து வைத்துச் சொல்லக் கூடாது.

அந்தச் சட்டங்களிலும் அவற்றோடு வந்த புதிய ஜெபப் புத்தகத்திலும் மூன்று சிறிய மாற்றங்களைப் பாருங்கள்.

ஒன்று. ஹென்றி தன்னைத் திருச்சபையின் ‘தலைவர்’ என்றார். சபையின் தலை கிறிஸ்து மட்டும்தான், அதிலும் ஒரு பெண் எப்படித் தலையாவாள் என்று இரு தரப்பிலும் முணுமுணுத்தார்கள். எலிசபெத் ‘ஆளுநர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். அதிகாரம் ஏறக்குறைய அதேதான். சொல் மட்டும் முள்ளில்லாத சொல்.

இரண்டு. பழைய புத்தகத்தில் ரோமாபுரி ஆயரின் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படி ஒரு மன்றாட்டு இருந்தது. அதாவது வழிபாட்டுக்குள்ளேயே பாப்பரசருக்கு ஒரு ஏச்சு. புதிய புத்தகத்தில் அது எடுக்கப்பட்டது.

மூன்றாவதுதான் முக்கியமானது. நற்கருணை அப்பத்தைக் கொடுக்கும்போது குரு என்ன சொல்ல வேண்டும்? அது கிறிஸ்துவின் உடல் என்று கொள்ளக்கூடிய வசனம் 1549 புத்தகத்தில் இருந்தது. 1552 புத்தகம் அதை நீக்கி, கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்ந்து இதை உண் என்ற கருத்துள்ள வசனத்தை வைத்தது. இந்த ஒரு கேள்விக்காக மனிதர்கள் தீயில் நின்றிருக்கிறார்கள். 1559 இல் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு வசனங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டார்கள். பழையதை நம்புகிறவர் முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம். புதியதை நம்புகிறவர் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே வரிசையில் முழங்காலிட்டு ஒரே அப்பத்தை வாங்கலாம்.

இதைச் சிலர் தந்திரம் என்பார்கள், சிலர் ஞானம் என்பார்கள். இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அரசு கேட்காது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வா, அது போதும். இதுதான் ஒப்பந்தம். வராவிட்டால் 12 பென்ஸ் தண்டம்.

ஆனால் சட்டத்தால் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தவர்கள் சட்டத்தால் ஒரே மனமாகிவிட மாட்டார்கள். அடுத்த 25 வருடத்தில் திருச்சபைக்கு உள்ளேயே ஒரு தரப்பு வலுத்தது. சீர்திருத்தம் பாதியில் நிற்கிறது, முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அவர்களைப் பியூரிட்டன்கள் என்று அழைத்தார்கள். குரு அணியும் வெள்ளை அங்கி, ஞானஸ்நானத்தில் நெற்றியில் இடும் சிலுவை அடையாளம், கலியாண மோதிரம், நற்கருணைக்கு முழங்காலிடுவது ஆகியவற்றுக்கெல்லாம் வேதத்தில் எங்கே ஆதாரம் என்று கேட்டார்கள். ஆயர் பதவியே வேதத்தில் இல்லாத முறை என்றார்கள். அவர்களுடைய முன்மாதிரி கல்வினின் ஜெனீவா.

இங்கேதான் நான் சொல்ல வந்த கதை ஆரம்பிக்கிறது.

லண்டனில் டெம்பிள் தேவாலயம் என்று ஒன்று இருக்கிறது. சிலுவை யுத்தக்காரர்களான டெம்பிளர் வீரர்கள் கட்டியது. ஜெருசலத்தின் கல்லறைத் தேவாலயத்தைப் பின்பற்றி வட்ட வடிவில் எழுப்பி, 1185 இல் ஜெருசலத்தின் முதுபெரும் ஆயரைக் கொண்டே அர்ப்பணித்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் ஸலாஹுத்தீன் ஐயூபி பைத்துல் முகத்தஸை மீட்டெடுத்தது உங்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் அந்தக் கட்டடம் லண்டன் சட்டத்தரணிகளின் கோயிலானது. வாதத்தை எடை போட்டுப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் அமர்ந்து கேட்கும் சபை.

1581 முதல் அங்கே வோல்டர் டிரவர்ஸ் என்பவர் பிற்பகல் பிரசங்கியாராக இருந்தார். பியூரிட்டன் தரப்பின் தலைசிறந்த அறிஞர்களில் ஒருவர். நல்ல பேச்சாளர். மூத்த குரு இறந்தபோது அந்த இடம் தனக்குத்தான் வரும் என்று அவருடைய ஆட்கள் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 1585 இல் ரிச்சர்ட் ஹூக்கர் என்ற 30 வயதுக்காரர் நியமிக்கப்பட்டார். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், சின்ன உருவம், மெல்லிய குரல், கையைக்கூட அசைக்காமல் பேசுவார் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. இன்னொரு விடயம், இருவரும் கலியாண வழியில் உறவுக்காரர்கள்.

ஹூக்கரின் முதல் பிரசங்கத்துக்கு முதல்நாள் மாலை டிரவர்ஸ் அவரைச் சந்தித்தார். சபையாரின் சம்மதம் கிடைக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள் என்று ஆலோசனை சொன்னார். சபைதான் குருவைத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஹூக்கர் ஏற்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் வரை அந்தக் கோயிலில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். காலையில் ஹூக்கர் ஒன்றைச் சொல்வார். பிற்பகலில் அதே மேடையில் டிரவர்ஸ் அதை மறுப்பார். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரே மிம்பரில் இரண்டு குத்பா.

அந்தச் சண்டையின் உச்சம் ஒரு கேள்வியில் வந்தது. சீர்திருத்தத்துக்கு முன் வாழ்ந்து மரித்த எங்கள் முன்னோர்கள் கத்தோலிக்கர்களாகவே மரித்தார்கள். அவர்களுக்கு ஈடேற்றம் உண்டா?

ஹூக்கர் ரோமாபுரியின் கொள்கையை ஏற்றவர் அல்லர். அது பிழை என்று தெளிவாகச் சொன்னவர். ஆனாலும் அந்த மேடையில் அவர் சொன்னதன் சாரம் இது: அவர்கள் அறியாமையில் பிழைவிட்டார்கள், ஆனால் அத்திவாரத்தைக் கைவிடவில்லை, அந்த ஆயிரமாயிரம் பேருக்கு இறைவனின் இரக்கம் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். டிரவர்ஸுக்கு இது தாங்க முடியாத பேச்சு. பிழையான விசுவாசத்தில் மரித்தவர்களுக்கு இப்படிக் கதவைத் திறந்துவிட்டால், நாங்கள் எதற்காகப் பிரிந்தோம், எங்கள் ஆட்கள் எதற்காக எரிந்தார்கள்?

இரண்டு பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். டிரவர்ஸ் கல்நெஞ்சக்காரர் அல்லர். சத்தியத்துக்கு விலை கொடுத்த ஒரு தலைமுறையின் பிள்ளை அவர்.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு என் உம்மம்மா ஞாபகம் வந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் ஒரு பயான். கந்தூரியும் மௌலூதும் செய்தவர்கள் எந்த நிலையில் மௌத்தானார்கள் என்று ஒருவர் ஒலிபெருக்கியில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். உம்மம்மா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து, “அப்ப எங்கட வாப்பாவும் உம்மாவும் எங்க போவாங்க மகன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். லண்டனில் சட்டத்தரணிகளுக்கு முன்னால் ஹூக்கர் பதில் சொல்ல முயன்றதும் இந்தக் கேள்விக்குத்தான்.

டெம்பிளில் சண்டை எப்படி முடிந்தது? அழகாக முடியவில்லை. 1586 மார்ச்சில் பேராயர் ஜோன் விட்கிஃப்ட், டிரவர்ஸ் இனிப் பிரசங்கிக்கக் கூடாது என்று தடை விதித்தார். அவர் இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி குருப்பட்டம் பெறாதவர், பகிரங்கமாகச் சக குருவை மறுத்தவர் என்பன காரணங்கள். அவர் மேடைக்கு ஏறப் போகும் நேரத்தில்தான் கட்டளை கையில் கொடுக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. பிரசங்கம் கேட்க வந்தவர்கள் கேட்காமலே கலைந்தார்கள். டிரவர்ஸ் அரச ஆலோசனைச் சபைக்கு முறையிட்டார், ஹூக்கர் அதற்குப் பதில் எழுதினார், தடை நீங்கவில்லை.

அதிகாரம் ஹூக்கரின் பக்கம் வென்றுவிட்டது. அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாயை அடைத்ததால் வாதம் முடிந்துவிடாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1591 இல் டெம்பிளை விட்டார். 1593 இல் ‘திருச்சபை ஆட்சிமுறையின் சட்டங்கள்’ என்ற அவருடைய பெரிய நூலின் முதல் நான்கு பாகங்கள் வெளிவந்தன. ஐந்தாம் பாகம் 1597 இல். அதன் முன்னுரை எதிர்த் தரப்பை நோக்கியே எழுதப்பட்டது. அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு போகிறார்.

அவருடைய அடிப்படை வாதம் எளிமையானது. ஈடேற்றத்துக்கு அவசியமானவை என்று சில உண்டு. அவற்றை வேதம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவற்றை யாரும் மாற்ற முடியாது. மற்றவை உண்டு: எந்த உடை, எந்த நிலை, எந்த ஒழுங்கு. இவற்றில் வேதத்தோடு பகுத்தறிவுக்கும், முன்னோரின் வழக்கத்துக்கும், அந்தந்தக் காலத்துச் சபையின் தீர்மானத்துக்கும் இடமுண்டு. வேதத்தில் இல்லை என்பதற்காக ஒன்று பாவமாகிவிடாது. சபை தீர்மானித்தது என்பதற்காக அது ஈடேற்றத்துக்கு நிபந்தனையாகியும் விடாது.

நற்கருணையைப் பற்றி அவர் எழுதியதும் அப்படித்தான். அப்பத்தில் என்ன மாற்றம் எப்படி நடக்கிறது என்று ஏன் இவ்வளவு சண்டை? விசுவாசத்தோடு பெறுபவர் கிறிஸ்துவில் பங்கு பெறுகிறார் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறோமே, அதைப் பிடித்துக்கொள்வோம் என்கிறார். 1559 இல் அரசியல் தேவைக்காக ஒட்டவைத்த இரண்டு வசனங்களுக்கு, சுமார் 40 வருடம் கழித்து ஒருவர் மனதார ஒரு விளக்கம் கொடுத்தார்.

உஸூல், புரூஃ படித்தவர்களுக்கு இந்த வாதம் பழக்கப்பட்டதாகத் தெரியும். ஒப்பீடு முழுமையானதல்ல, அவர்களுடைய அகீதா வேறு, எங்களுடையது வேறு. ஆனால் மனிதர் சண்டைபிடிக்கும் விதம் ஒன்றுதான். இமாம் ஷாஃபிஈ அவர்கள் இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் கப்றுக்குப் பக்கத்தில் சுபஹ் தொழுதபோது, அவருக்கு மரியாதையாகக் குனூத்தை விட்டார்கள் என்று ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மரித்துப்போன ஒருவரோடு ஒத்துப்போகாமலே அவருக்கு இடம் கொடுத்தார். நாங்களோ அந்தக் குனூத்துக்காகவே பள்ளி மாறித் தொழுகிறோம்.

இனி, கதையின் கறுப்புப் பக்கம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நல்ல வரலாற்று ஆசிரியன் இல்லை.

குருமார் கூடி வேதத்தை ஆராய்ந்து பிரசங்கம் பழகும் கூட்டங்களை நிறுத்தும்படி எலிசபெத் கட்டளையிட்டபோது, பேராயர் எட்மண்ட் கிரிண்டல் மறுத்து ராணிக்கே கடிதம் எழுதினார். 1577 இல் அவருடைய அதிகாரம் பறிக்கப்பட்டது. 1583 இல் அவர் இறக்கும்வரை அந்தக் கறை நீங்கவில்லை. 1570 இல் பாப்பரசர் ராணியைச் சபைநீக்கம் செய்த பிறகு கத்தோலிக்கர் துரோகிகளாகப் பார்க்கப்பட்டார்கள். எட்மண்ட் கம்பியன் 1581 இல் கொல்லப்பட்டார். அந்த ஆட்சியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமார் மரண தண்டனை பெற்றனர். ஹூக்கரின் நூல் வெளிவந்த அதே 1593 இல், அரச திருச்சபையை விட்டுப் பிரிந்துபோன ஹென்றி பாரோ, ஜோன் கிரீன்வுட், ஜோன் பென்ரி ஆகிய மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஹூக்கரையும் இன்றைய கருத்துச் சுதந்திரவாதியாக்கிவிட வேண்டாம். நாடு முழுதும் ஒரே திருச்சபை, அதற்குச் சட்டப்படி கீழ்ப்படிதல் என்பதை அவரும் ஏற்றவர்தான்.

ஆகவே அந்த ‘நடு வழி’க்கு இரண்டு முகங்கள். ஒன்று, இரண்டு வசனங்களையும் ஒரே புத்தகத்தில் வைத்த முகம். மற்றது, இந்தப் புத்தகத்துக்கு வெளியே போனால் கயிறு என்ற முகம். எது நிலைத்தது?

கயிறு நிலைக்கவில்லை. 1640களில் உள்நாட்டு யுத்தம் வந்தது. அடக்கி வைத்த பியூரிட்டன் தரப்பு வென்று, 1645 இல் அதே ஜெபப் புத்தகத்தைத் தடை செய்தது. பேராயர் லோட் அவர்களின் தலை வெட்டப்பட்டது. 1660 இல் மன்னராட்சி திரும்பியதும் பழி தீர்ப்பு மறுபக்கம். 1662 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பணியாத பியூரிட்டன் குருமார் பதவியிழந்தனர். அதற்கு முன்னைய இரண்டு வருடங்களில் நீங்கியவர்களையும் சேர்த்தால் தொகை ஏறத்தாழ 2000. 1689 இல்தான், பிரிந்துபோன புரட்டஸ்தாந்தினர் தனியாக வழிபடலாம் என்று சட்டம் ஏற்றது. கத்தோலிக்கருக்கு அதற்குப் பிறகும் நூறு வருடம் எடுத்தது.

ஹூக்கரின் வாதம் நிலைத்தது. 1867 இல் பிபிலிய விளக்கம் பற்றிய பெரும் சண்டையொன்று உலகளாவிய அங்கிலிக்கன் சபைகளைப் பிரிக்கப் பார்த்தபோது, பேராயர் லோங்லி 76 ஆயர்களை லம்பெத் மாளிகையில் கூட்டினார். கொள்கைத் தீர்ப்புக் கொடுக்க அல்ல, கூடிப் பேச மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் யோர்க் பேராயர் வர மறுத்தார். பெண்கள் ஆயராகலாமா என்ற கேள்வி 2012 இல் இங்கிலாந்துத் திருச்சபையின் மன்றத்தில் ஆறு வாக்குகளால் தோற்றது. 2014 இல் வென்றது. வென்றவர்கள் மற்றவர்களை வெளியே தள்ளவில்லை. மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத பங்குகள் தங்களுக்கு வேறொரு ஆயரின் பராமரிப்பைக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஒருபாலினத்தவர் பற்றிய பிணக்கில் 2008 லம்பெத் மாநாட்டை 200க்கும் மேற்பட்ட ஆயர்கள் புறக்கணித்தார்கள். அந்த விரிசல் இன்றும் இருக்கிறது. நமது நாட்டின் கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்களும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன.

டிரவர்ஸ் என்ன ஆனார்? 1594 இல் அயர்லாந்துக்குப் போய் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைவரானார். ஹூக்கர் 1600 இல், கன்டர்பரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் குருவாக மௌனமாக இறந்தார்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நடுநிலை என்றால் கருத்தில்லாமல் இருப்பது அல்ல. ஹூக்கருக்குக் கருத்து இருந்தது, அதை உரக்கச் சொன்னார். எதிரில் இருப்பவர் பிழை என்று சொல்லிவிட்டு, அந்தப் பிழையோடும் அவருக்கு இறைவனின் இரக்கத்தில் இடமுண்டு என்று சொல்லத் தெரிந்திருந்தது. அதுதான் கஷ்டம். கருத்தில்லாதவனுக்கு அது சுலபம். அதிகாரம் உள்ளவனுக்கு அது தேவையே இல்லை, அவன் ஒலிவாங்கியைப் பறித்துவிடுவான்.

அந்த மாணவிக்கு அடுத்த நாள் இப்படிச் சொன்னேன்: “மகள், இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிற மாதிரி ஒரு வசனத்தை எழுதினார் என்று எழுதிக்கொள்ளுங்க.” எழுதிக்கொண்டாள். பிறகு, “இதுக்கு எத்தனை புள்ளி சேர்?” என்று கேட்டாள்.

உம்மம்மாவுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்லக் கிடைக்கவில்லை. அல்லாஹ் அவருக்கும் அவருடைய வாப்பா உம்மாவுக்கும் ரஹ்மத் செய்வானாக.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஏசாமல் எழுதினால் இன்னும் நல்லது.